காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குப் பொது அறிவுப் பாடம் எடுக்கிறேன். கண்டுபிடிப்புகள் பகுதிக்கு வந்தாலே டயர் விஷயத்தில் ஒரு சண்டை நடக்கும். ஒரு கையேட்டில் டன்லப் என்றிருக்கும், இன்னொன்றில் தாம்சன் என்றிருக்கும். அதை ஒட்டி வந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். போகப் போகச் சிக்கல் கூடும்.

சார், ஒரே வரியில் சொல்லுங்க. தாம்சனா, டன்லப்பா?

முதலில் கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன், 1845இல். அதைப் பற்றித் தெரியாமலே மறுபடி கண்டுபிடித்து ஊரெல்லாம் ஓட வைத்தவர் ஜான் பாய்ட் டன்லப், 1888இல். இருவருமே ஸ்காட்லாந்தில் பிறந்தவர்கள். நடுவில் 43 வருட இடைவெளி.

தேர்வில் இரண்டு பெயரும் விடையில் இருந்தால் எதைக் குறிப்பது?

கேள்வியின் சொற்களைப் பாருங்கள். ‘முதல் காப்புரிமை’, ‘முதன்முதலில்’ என்று இருந்தால் தாம்சன். ‘நடைமுறைக்கு ஏற்ற’, ‘சைக்கிளுக்கான’, ‘வணிக ரீதியில் வெற்றி பெற்ற’ என்று இருந்தால் டன்லப். வெறுமனே ‘கண்டுபிடித்தவர் யார்’ என்று கேட்டு இரண்டு பெயரையும் கொடுத்தால், கேள்வி எடுத்தவர் சரியாக எடுக்கவில்லை என்பதுதான் என் கருத்து. அப்போதும் தாம்சனைக் குறியுங்கள். விடைத்தாளை எதிர்த்து முறையிட வேண்டி வந்தால் காப்புரிமை எண்ணையே காட்டலாம்: பிரிட்டன், எண் 10990, 1845 டிசம்பர் 10.

தாம்சன் யார்? பெரிய விஞ்ஞானியா?

1822இல் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஸ்டோன்ஹேவன் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா கம்பளி ஆலை நடத்தினார். பையனைப் பாதிரியாராக்க வேண்டும் என்று வீட்டில் ஆசைப்பட்டார்கள். பையனுக்கோ லத்தீன் ஏறவே இல்லை. 14 வயதில் வணிகம் பழகட்டும் என்று அமெரிக்காவின் சார்ல்ஸ்டனில் இருந்த மாமாவிடம் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் திரும்பி வந்து, கணக்குத் தெரிந்த ஒரு நெசவாளியின் உதவியோடு வேதியியல், மின்சாரம், வானியல் எல்லாம் தானே படித்தார். கல்லூரிப் பட்டம் கிடையாது.

அம்மாவிடம் துணி பிழியும் உருளை இயந்திரம் ஒன்று இருந்தது. அதை இரண்டு பக்கமும் ஓடும்படி மாற்றிக் கொடுத்ததுதான் அவருடைய ஆரம்ப வேலைகளில் ஒன்று. பிறகு மின்சாரத்தால் வெடிமருந்தைப் பற்றவைக்கும் முறை, ரயில்வேயில் பொறியாளர் வேலை, மை ஊற்றி எழுதும் பேனா, ஜாவாவில் சர்க்கரை ஆலை இயந்திரங்கள், இடம் மாற்றக்கூடிய நீராவிக் கிரேன் என்று போய்க்கொண்டே இருந்தார். டயருக்குக் காப்புரிமை வாங்கியபோது வயது 23. இந்தப் பட்டியலில் டயர் ஒரு சிறிய வரிதான் என்பதை மாணவர்கள் கவனிப்பதில்லை.

அப்போது சைக்கிளும் கிடையாது, காரும் கிடையாது. டயரை எதில் மாட்டினார்?

குதிரை வண்டியில். இரும்புப் பட்டை போட்ட சக்கரம் கற்சாலையில் ஓடினால் எவ்வளவு சத்தம், எவ்வளவு குலுக்கல் என்று மாட்டு வண்டியில் போனவர்களுக்குத் தெரியும். காப்புரிமை மனுவிலேயே தாம்சன் மூன்று நோக்கங்களைச் சொல்கிறார்: வண்டியை இழுக்கும் பலம் குறைய வேண்டும், பயணம் சுகமாக வேண்டும், சத்தம் குறைய வேண்டும்.

அமைப்பு இதுதான். கான்வாஸ் துணிக்கு ரப்பர் பூசி, உள்ளே காற்று நிற்கும்படி குழாயாக்கினார். ரப்பர் துணி மட்டும் இருந்தால் கல் கிழித்துவிடும் என்பதால் வெளியே தடித்த தோல் உறை. தோல் துண்டுகளை ஆணி அறைந்து இணைத்து, சக்கரத்தோடு போல்ட் போட்டு இறுக்கினார். ஒரே குழாய்க்குப் பதில் பல சிறு குழாய்களை உள்ளே வைக்கலாம் என்ற யோசனையும் மனுவில் இருக்கிறது. 1847இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் வண்டிகளை ஓட்டிக் காட்டினார்கள். காற்று டயர் போட்ட வண்டியை இழுக்கக் குறைந்த பலமே போதுமாக இருந்தது. புதிதாகச் சல்லி கொட்டிய பாதையில் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஒரு ஜோடிச் சக்கரம் 1,200 மைல் ஓடியும் தேய்ந்து போகவில்லை என்று பதிவு உண்டு.

இவ்வளவு நன்றாக ஓடியது என்றால் ஏன் விற்கவில்லை?

முதல் காரணம் ரப்பர். சார்ல்ஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரைப் பக்குவப்படுத்தும் முறையைக் கண்டது 1839இல். அமெரிக்காவில் காப்புரிமை 1844இல். அதாவது தாம்சன் வேலை செய்தபோது நல்ல ரப்பருக்கு வயது ஒரு வருடம்தான். அதுவும் பிரேசில் காட்டு மரங்களிலிருந்து வந்தது, விலை அதிகம். மெல்லிய, காற்றுக் கசியாத குழாய் கிடைப்பதே கஷ்டம்.

இரண்டாவது காரணம் வேலைப்பாடு. பஞ்சர் ஆனால் என்ன செய்வது? ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்ற வேண்டும், தோலைப் பிரிக்க வேண்டும், திரும்ப இறுக்க வேண்டும். பணக்காரர் வண்டிக்காரன்கூட இதற்கு ஒப்ப மாட்டான். மூன்றாவதாக ஒரு காரணம் இருக்கிறது. அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

பிறகு அவர் டயரை அப்படியே விட்டுவிட்டாரா?

காற்றை விட்டார், ரப்பரை விடவில்லை. 1867இல் சாலையில் ஓடும் நீராவி இழுவண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். அதன் சக்கரங்களில் சுமார் 5 அங்குலத் தடிமனான கெட்டி ரப்பர் டயர். இரும்புச் சக்கரம் போல அது சாலையைப் பெயர்க்கவில்லை, ஈரத்திலும் வழுக்கவில்லை. பல நாடுகளுக்கு இந்த வண்டி போனது.

இந்தியாவுக்கும் வந்தது. வட இந்தியாவில் பணியில் இருந்த கிராம்ப்டன் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, தாம்சன் முறை நீராவி வண்டிகளை அரசுக்காக ஓட்டிப் பார்த்தார். ‘சீனாப்’ என்று பெயரிட்ட ஒரு வண்டியை 1871இல் இங்கிலாந்தின் இப்ஸ்விச்சிலிருந்து எடின்பரோ வரை சோதனைக்கு ஓட்டிப் போனார். அந்தக் கிராம்ப்டன் பின்னால் ஆரம்பித்த மின்சாரக் கம்பெனியின் பெயர்தான் இன்று நம் வீட்டு மின்விசிறியில் இருக்கிறது. தாம்சன் 1873 மார்ச் 8 அன்று எடின்பரோவில் இறந்தார். வயது 50.

டன்லப் மாட்டு டாக்டர் என்கிறார்களே, அவருக்கு டயரில் என்ன வேலை?

கால்நடை மருத்துவர் என்பது உண்மை. 1840இல் ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் என்ற ஊரில் பிறந்து, அயர்லாந்துக்குப் போய், பெல்ஃபாஸ்டில் பெரிய அளவில் மருத்துவம் பார்த்தார். மருத்துவக் கருவிகளுக்காக ரப்பரோடு ஏற்கெனவே பழக்கம் உண்டு. மகன் ஜானி தன் மூன்று சக்கரச் சைக்கிளில் கல் பாவிய தெருவில் போனால் உடம்பு குலுங்குகிறது; அதைக் குறைக்க முடியுமா என்று பார்த்தார்.

1887இல் அவர் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதை நீங்களும் செய்யலாம். ஒரு மரத் தட்டு எடுத்தார். அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு தடிமனுள்ள ரப்பர்த் தாளைக் குழாயாக ஒட்டி, தட்டைச் சுற்றி வைத்து, மேலே துணியைப் போர்த்தி மரத்தில் ஆணி அடித்தார். கால்பந்துக்கு அடிக்கும் பம்பால் காற்று ஏற்றினார். வீட்டு முற்றத்தில் சைக்கிளின் முன்சக்கரத்தை ஒரு தள்ளு தள்ளினார். அது கோடி வரை போகாமலே சாய்ந்தது. காற்றுத் தட்டைத் தள்ளினார். அது முற்றம் முழுக்க உருண்டு, கதவில் மோதித் திரும்பியது. 1888 பிப்ரவரி 28 அன்று இரவு, பின்சக்கரங்கள் இரண்டிலும் காற்று டயர் போட்ட சைக்கிளை ஜானி ஓட்டிப் பார்த்தான். ஜூலை 23இல் மனு, டிசம்பர் 7இல் காப்புரிமை, எண் 10607.

ஒரு பையன் சைக்கிளில் இருந்து உலகம் முழுக்க எப்படிப் போனது?

பந்தயத்தால். 1889 மே 18 அன்று பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி விளையாட்டு விழாவில் வில்லி ஹியூம் என்ற சைக்கிள் வீரர் இந்த டயரோடு வந்தார். கொழுத்த டயரைப் பார்த்துக் கூட்டம் கேலி செய்தது. கலந்துகொண்ட பந்தயங்களை எல்லாம் அவர் ஜெயித்தார். அடுத்து லிவர்பூலிலும் போய் ஜெயித்தார். அதன் பிறகு கெட்டி டயரோடு பந்தயத்துக்கு வருவதில் அர்த்தமில்லை என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

டப்ளினில் வணிகரும் அயர்லாந்து சைக்கிள் சங்கத் தலைவருமான ஹார்வி டு குரோ இதைக் கவனித்து, அதே வருடம் ஒரு கம்பெனி தொடங்கினார். டன்லப் தன் காப்புரிமையை அந்தக் கம்பெனிக்குக் கொடுத்துப் பங்குகள் வாங்கிக்கொண்டார். வியாபார மூளை டு குரோவுடையது. இந்தப் பெயரைப் பாடநூல்கள் சொல்வதே இல்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

தாம்சன் பெயரில் ஏற்கெனவே இருந்ததை டன்லப்புக்கு எப்படித் திரும்பக் கொடுத்தார்கள்? ஆபீஸில் யாரும் பார்க்கவில்லையா?

பார்க்கும் வழக்கமே இல்லை. அந்தக் காலத்தில் பிரிட்டன் காப்புரிமை அலுவலகம் மனு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா என்றுதான் பார்த்தது. இதே கண்டுபிடிப்பு முன்பே இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் முறை 1905இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே ஒரே பொருளுக்கு இரண்டு பேர் காப்புரிமை வாங்குவது நடக்கக்கூடிய காரியம்தான். யாராவது வழக்குப் போட்டுப் பழைய ஆவணத்தைக் காட்டினால்தான் குட்டு உடையும்.

உடைந்தது. தாம்சனின் பழைய ஆவணம் 1890இல் வெளியே வந்தது. டன்லப்பின் மூலக் காப்புரிமை செல்லாது என்றாகிவிட்டது. தாம்சனுடைய காப்புரிமையோ 14 வருடக் காலம் முடிந்து என்றோ காலாவதியாகியிருந்தது. அதாவது சக்கரத்தில் காற்றடைக்கும் யோசனை யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

அப்படியென்றால் டன்லப் காப்பியடித்தார் என்றுதானே அர்த்தம்?

அப்படிச் சொல்ல ஒரு சான்றும் இல்லை. இரண்டு பொருளையும் அருகில் வைத்துப் பாருங்கள். ஒன்று கனமான வண்டிக்குத் தோல் உறை போட்டு போல்ட் இறுக்கியது. மற்றது சிறுவன் சைக்கிளுக்குத் துணி சுற்றி ஆணி அடித்தது. தாம்சன் ஆவணத்தைப் பார்த்தவர் இப்படித் தொடங்கியிருக்க மாட்டார். தாம்சன் டயரை நாலு தசாப்தமாக ஊரே மறந்திருந்தது.

காப்புரிமை செல்லாமல் போவதும் திருட்டும் வேறு வேறு. புதியதல்ல என்றால் காப்புரிமை போய்விடும். அதற்குத் திருடியிருக்க வேண்டும் என்பதில்லை.

காப்புரிமையே போன பிறகு டன்லப் கம்பெனி எப்படிப் பிழைத்தது?

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. டன்லப்பின் முதல் டயரை ரிம்மோடு ஒட்டித் துணி சுற்றியிருந்தார்கள். பஞ்சர் போடுவது மணிக்கணக்கான வேலை. டயரைக் கையால் கழற்றி மாட்ட வழி கண்டவனுக்குத்தான் சந்தை. 1890இல் இரண்டு வழிகள் வந்தன. சார்ல்ஸ் கிங்ஸ்டன் வெல்ச், டயரின் இரு விளிம்பிலும் நீளாத கம்பியை வைத்து, நடுவில் பள்ளமான ரிம்மில் உட்கார வைத்தார். வில்லியம் பார்ட்லெட், தடித்த விளிம்பு ரிம்மின் கொக்கியில் மாட்டிக்கொள்ளும்படி செய்தார். காற்று அடைக்கும் வால்வை உட்ஸ் என்பவர் 1891இல் செய்தார். டு குரோ இந்த உரிமைகளை வாங்கிப் போட்டார். போட்டியாளர்கள் காற்றடைக்கலாம், கழற்றி மாட்டுகிற டயர் செய்ய வேண்டுமென்றால் இவரிடம் வர வேண்டும்.

சந்தேகம் இருந்தால் பஞ்சர் கடைக்குப் போய் நில்லுங்கள். சைக்கிள் டயரை லீவரால் நெம்பும்போது, எதிர்ப்பக்க விளிம்பை ரிம்மின் பள்ளத்துக்குள் தள்ளிவிட்டுத்தான் இந்தப் பக்கம் எடுப்பார்கள். அது வெல்ச்சின் வேலை. பழைய சைக்கிள் வால்வைக் கழற்றினால் உள்ளே மெல்லிய ரப்பர் உறை ஒன்று வரும், நாம் வால்டியூப் என்கிறோமே, அது உட்ஸின் வேலை. பம்பு அடிக்கும்போது காற்று உறையை விரித்து உள்ளே போகும். திரும்பி வரப் பார்த்தால் உறை துளையில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். அந்த உறை நைந்து போனால் காலையில் டயர் இறங்கிக் கிடக்கும், பஞ்சரே இருக்காது.

டன்லப் கோடீஸ்வரர் ஆனாரா?

இல்லை. 1895இல் கம்பெனியிலிருந்து விலகிவிட்டார். அடுத்த வருடமே டெரா ஹூலி என்ற நிதி வியாபாரி அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 லட்சம் பவுண்டுக்குப் பங்குச் சந்தையில் இறக்கினார். அந்தப் பணத்தில் டன்லப்புக்குப் பெரிய பங்கில்லை. டப்ளினில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் ஈடுபட்டு வசதியாகவே வாழ்ந்து 1921இல் இறந்தார். அவருடைய தாடி முகம் மட்டும் கம்பெனி விளம்பரத்தில் தொடர்ந்து வந்தது. அம்பத்தூர்க்காரர்களுக்கு டன்லப் என்றால் தொழிற்சாலைதான், மனிதர் அல்ல.

குட்இயர்தான் டயர் கண்டுபிடித்தார் என்று அப்பா சொல்கிறார்.

அப்பாவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: சார்ல்ஸ் குட்இயர் ரப்பரைப் பக்குவப்படுத்தியவர், டயர் செய்தவர் அல்ல. 1860இல் கடனோடு இறந்தார். குட்இயர் டயர் கம்பெனி 1898இல் அமெரிக்காவின் ஆக்ரனில் ஃபிராங்க் சைபர்லிங் ஆரம்பித்தது. கௌரவத்துக்காக அந்தப் பெயரை வைத்தார்கள். குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் தொடர்பில்லை.

காரில் முதலில் காற்று டயர் போட்டது யார்?

பெரிய பந்தயத்தில் போட்டு ஓட்டியவர்கள் பிரான்ஸின் மிஷ்லின் சகோதரர்கள், ஆந்த்ரேயும் எட்வாரும். 1895இல் பாரிஸிலிருந்து போர்தோ போய்த் திரும்பும் சுமார் 1,200 கி.மீ. பந்தயம். வழியெல்லாம் பஞ்சர். முதலில் வந்து சேர்ந்தது கெட்டி ரப்பர் டயர் போட்ட லெவாசோரின் கார். ஆனால் அந்தத் தோல்வி கேலியோடு முடிந்துவிடவில்லை. சில வருடங்களில் கார்கள் காற்று டயருக்கு மாறின.

டயர் ஏன் கறுப்பு? ரப்பர்ப் பால் வெள்ளைதானே?

ஆரம்பகால டயர்கள் வெளிர் நிறம்தான். கார்பன் கரி கலந்தால் ரப்பர் பல மடங்கு உழைக்கும் என்று 1900களின் தொடக்கத்தில் தெரிந்தது. அதிலிருந்து கறுப்பு.

உள்ளே இருப்பது வெறும் காற்று. அது எப்படி ஒரு காரைத் தாங்கும்?

கணக்குப் போடலாம். 1,000 கிலோ கார், நாலு டயர், ஒவ்வொன்றுக்கும் சுமார் 250 கிலோ. காற்றழுத்தம் 30 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.1 கிலோ. 250ஐ 2.1ஆல் வகுத்தால் சுமார் 120. அதாவது டயர் தரையில் 10க்கு 12 செ.மீ. அளவு தட்டையாகி நின்றால் போதும், உங்கள் உள்ளங்கை அளவுதான். காற்றைப் பாதியாக்கினால் அந்த இடம் இரண்டு மடங்காகும். டயர் சப்பையாகத் தெரிவது அதனால்தான்.

சரி, காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதானே தள்ளுகிறது, ரிம் ஏன் கீழே இறங்கவில்லை என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. காற்று டயரின் பக்கச்சுவர்களை விறைப்பாக இழுத்து வைத்திருக்கிறது. தரையில் தட்டையாகும் இடத்தில் அந்த இழுப்பு குறைகிறது; மேலே குறைவதில்லை. கீழே இழுப்பவர் கை தளர்ந்ததால் மேலே இழுப்பவர் ஜெயிக்கிறார். ரிம் மேலிருந்து தொங்குகிறது என்றே சொல்லலாம்.

டயருக்கும் தமிழர்களுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?

உண்டு, அதில் பெருமையைவிட வலி அதிகம். 1890களில் டயருக்கு ரப்பர் தேவை ஏறியதும், பெல்ஜியம் மன்னர் லியோபோல்டின் பிடியில் இருந்த காங்கோவில் மக்களை அடித்துக் கொன்று காட்டு ரப்பர் எடுக்க வைத்தார்கள். ரோஜர் கேஸ்மென்டின் 1904 அறிக்கை அதை உலகுக்குச் சொன்னது. காட்டு ரப்பர் போதாமல் தோட்டங்கள் வந்தன. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து கன்றுகள் இலங்கையின் ஹெனரத்கொட தோட்டத்துக்குப் போயின, பிறகு மலாயா எங்கும் பரவின.

மலாயாவில் அந்த மரங்களில் விடியற்காலையில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய தமிழர்கள். டன்லப் கம்பெனிக்கே அங்கே பெரும் தோட்டங்கள் இருந்தன. கண்டுபிடித்தவர் பெயரைப் படிக்கிறவர்கள் இதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்வேன். தேர்வில் வராது என்பார்கள், வராதுதான்.

தாம்சனுக்கு மலிவாக ரப்பர் கிடைத்திருந்தால் அவரே ஜெயித்திருப்பாரா?

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முன்பு பாக்கி வைத்த மூன்றாவது காரணம் இதுதான். குதிரை வண்டிக்காரர் காசு செலவழித்தால் பலம் மிச்சப்படுவது குதிரைக்கு. சைக்கிளில் ஒவ்வொரு கல்லுக்கும் விலை கொடுப்பது ஓட்டுபவனின் தொடைதான். அதனால் காற்று டயருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளர் சைக்கிள்காரர். அவர் 1847இல் இல்லை. டன்லப் மனுப் போட்ட நேரத்தில், இரண்டு சக்கரமும் ஒரே அளவில் சங்கிலியால் ஓடும் பாதுகாப்புச் சைக்கிள் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. சிறிய சக்கரம் என்பதால் பழைய உயரச் சைக்கிளைவிட அதில் குலுக்கல் அதிகம்; டயர் வந்த பிறகுதான் அந்தக் குறை தீர்ந்தது.

நீராவி வண்டிக்குக் காற்று டயர் போட்டிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். பல டன் எடை, அந்தக் காலக் கான்வாஸ், போல்ட் போட்ட தோல். தாம்சனே கெட்டி ரப்பருக்குப் போனது தெரியாமல் செய்ததல்ல. கனரக லாரிகள் காற்று டயருக்கு மாறியது முதல் உலகப்போர் காலத்திலும் அதற்குப் பிறகும்தான்.